மூச்சுக்காரரும் நான் மாற்றிய பெட்டியும்

பெங்களூரில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பாதி, மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கின்றன. அதைக் காதால் கேட்டுச் சொல்லக்கூடிய மனிதர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அவரை எங்கள் கட்டடத்துக்குள் வரவிடாமல் செய்தவன் நான்.

தொம்மலூரில் எங்கள் அடுக்ககம் பழையது. அங்கே எல்லோரும் அவரை மூச்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான, நெட்டையான ஆள். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. தோளில் துணிப்பை; அதற்குள் ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு சிவப்பு நூல்கண்டு, ஒரு ஸ்டெதஸ்கோப். அவர் நடந்து வரும் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருப்போம், நிமிர்ந்தால் வாசலில் நிற்பார். "வாங்க" என்று சொல்வதற்குள் கையை உயர்த்தி நம்மை அடக்குவார். குக்கர் விசில் அடித்தால்கூட அடுப்பை அணைக்கச் சொல்வார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார்.

"மூச்சு முட்டுது சார்."

"யாருக்கு?"

"உள் ரூம்ல இருக்குதே, அதுக்கு."

முதல்முறை கேட்டபோது, உள் அறையில் படுத்திருந்த என் மச்சானுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடினேன். அவன் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவர் சொன்னது மேசையில் இருந்த கம்ப்யூட்டரை.

இரண்டாம் மாடியில் ஒரு வங்கி மேலாளர் இருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் மீது ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட மூச்சுக்காரர், முகம் மாறி, "உள்ள உசிரு இருக்கு சார்" என்றார்.

"கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா உசிரு?"

"அதுக்கு இல்ல. வேற."

திறந்தால், பவர் சப்ளைக்குப் பின்னால் கதகதப்பான மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். மேலாளர் துடைப்பத்தை எடுத்தார். மூச்சுக்காரர் தடுத்துவிட்டார். "சூடு தேடி வந்திருக்கு. ஒரு மாசம் பகல்ல ஆஃப் பண்ணாதீங்க." மேலாளருக்கு என்ன தோன்றியதோ, கேட்டுக்கொண்டார். தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம் நடந்த ஒரு காலையில், சிடி போடும் இடுக்கிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. மேலாளர் நாற்காலியோடு சாய்ந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது.

"வந்துட்டாங்களா சார்?" என்றது மூச்சுக்காரரின் குரல். மேலாளர் அதன்பிறகு அவரைத் தனியாகச் சந்திப்பதில்லை.

மூச்சுக்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெட்டிக்குள் பார்த்ததை வெளியே சொல்லமாட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து குடிவந்த ஸ்டெல்லா டீச்சரின் கணவர், வீட்டுக்காரிக்குத் தெரியாமல் சிகரெட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஒளித்துவைத்திருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டார்: "உள்ள என்ன இருந்துச்சு அங்கிள்? ஒரே புகையில வாசன."

"தூசிம்மா."

அவர் போனபின் கணவர் திறந்து பார்த்தால், பாக்கெட் துடைக்கப்பட்டு, சூடு படாத இடத்தில் சிவப்பு நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. இதை என்னிடம் சொல்லும்போது அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "அப்புறம் எனக்குச் சிகரெட்டே புடிக்கல சார். யாரோ பாத்துட்டு இருக்காப்ல இருக்குது."

அவர் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்கள் வெளியே பார்க்கச் சகிக்காது. பெரிய தகரப் பெட்டி, நாலு பக்கமும் ஓட்டை, கோழிக்கூண்டு மாதிரி. உள்ளே பார்த்தால் வேறு உலகம். ஒரு வயர்கூட இன்னொன்றின் மேல் ஏறியிருக்காது. மல்லிகைச் சரம் தொடுக்கிற முடிச்சுப் போட்டு எல்லாவற்றையும் சிவப்பு நூலால் ஓரங்கட்டியிருப்பார். நடுவில் காற்று போகும் வழி, கூட்டிப் பெருக்கிய தெரு போலக் கிடக்கும்.

எங்கள் கட்டடத்தில் முப்பது வீடுகளிலாவது அவர் கட்டிய பெட்டிகள் இருந்தன. பிற்பகலில் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அப்போது கட்டடம் முழுவதும் சுவர்களுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழும். நாய்கள் எழுந்து உட்காரும். புதிதாகக் குடிவந்த ஒருவர் படியிறங்கி வந்து மெதுவாக விசாரித்தார்: "இங்க யாராச்சும் தவறிட்டாங்களா சார்?"

என் மனைவி சாரதா பாட்டு டீச்சர். கம்ப்யூட்டர் வழியாக ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். அவளுக்கும் மூச்சுக்காரர் ஒரு கோழிக்கூண்டு கட்டித் தந்தார். கொண்டுவந்து வைத்த அன்று, "அம்மா, ஒரு தடவ ஷட்ஜம் பிடிங்க" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பிடித்தாள். அவர் பெட்டியில் காதை ஒட்டி, பின்பக்கம் ஒரு திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம். "மறுபடி பிடிங்கம்மா." மறுபடி. கடைசியில் தலையாட்டிவிட்டுப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. கிறுக்கு என்று நான் விட்டுவிட்டேன்.

அந்தத் தகரப் பெட்டி என் கண்ணை உறுத்தியது. சாரதா பாடும்போது கேமராவில் அவளுக்குப் பின்னால் அதுதான் தெரியும். ஒருநாள் கறுப்புக் கண்ணாடி முகப்பும் நீல விளக்குமாக மெலிந்த பெட்டி ஒன்றை வாங்கிவந்து, எல்லாவற்றையும் இதற்குள் மாற்றிக்கொடுங்கள் என்றேன். அவர் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். கிணற்றுக்குள் பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நான் வெக்கமாட்டேன் சார்."

"ஏங்க, உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா?"

"உங்க ஈரல யாரு சார் பாத்தா? அதுக்காக ஆண்டவன் அதக் கசக்கிச் சுருட்டியா உள்ள திணிச்சிருக்கான்?"

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். வெப்பம் எப்படிப் பாய்கிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன். ஒரு ரிப்பேர்காரர் எனக்கு ஈரலை உதாரணம் காட்டுகிறாரே என்று கோபம் வந்தது.

சாரதா இரண்டு நாள் ஓசூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனபோது, நானே உட்கார்ந்து மாற்றினேன். நகவெட்டியால் சிவப்பு நூலை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒரு முடிச்சு அறும்போது அறையில் யாரோ மூச்சை உள்ளிழுத்ததுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலைதான். அவருடைய பெரிய காற்றாடி புதுப் பெட்டிக்குள் நுழையவில்லை. அதையும் தகரத்தையும் பழைய சாமான் வாங்கும் குஜரி வண்டியில் போட்டேன். வயர்களை அமுக்கி, மூடியை முழங்காலால் அழுத்தி மூடினேன்.

சாரதா வந்து பார்த்தாள். "யாரு மாத்துனது?"

"மூச்சுக்காரர்தான்" என்றேன். அவளுக்குத் தெரியாமல் அவள் பொருளில் கைவைத்தேன் என்று திட்டுவாளே என்ற பயத்தில் சொன்ன பொய். அவ்வளவுதான் காரணம்.

மறுநாளிலிருந்து அந்த அறை கெட்டுப்போனது. பாடிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்தித் திரும்பிப் பார்ப்பாள். "ஏங்க, இந்த ரூம்ல யாரோ உக்காந்திருக்காங்க."

"யாருமில்லம்மா."

"இருக்காங்க. நான் பாடறப்ப மட்டும் வராங்க. எனக்குப் பிடிக்காத மாதிரி கூடவே இழுக்கறாங்க."

பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் திரையில் சின்னப் பெண்ணொருத்தி கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, உங்க பின்னாடி யாரோ தப்பா பாடறாங்க." சாரதா அன்று வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்து, விடிவிளக்குப்போல நீலமாக எரியும் அந்த அறையைச் சாத்தித் தாழ் போட்டாள். வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கியது. சூடம் ஏற்றினோம். அந்தப் புகையையும் பெட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆண்டு விழா அன்று காலை, எங்கெங்கோ இருந்து பெற்றோர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கையில், ஆலாபனையின் நடுவில் பொசுங்கும் வாசனை வந்தது. 'பட்' என்று ஒரு சத்தம். நீல விளக்கு அணைந்தது. சாரதா வாயைத் திறந்தபடி இருட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. திரும்பினால் வாசலில் மூச்சுக்காரர் நின்றார்.

"கீழ் வீட்ல வேலையா இருந்தேன்மா. இங்க மூச்சு நின்னுடுச்சு."

பெட்டியைத் திறந்தார். நான் திணித்திருந்த வயர்கள் குடல் சரிந்ததுபோல வெளியே விழுந்தன. ஒரு முடிச்சுகூட இல்லை. அறுந்த சிவப்பு நூல் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

சாரதாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்கள நம்பித்தானே இருந்தேன்? இப்படியா கட்டிக் குடுப்பீங்க? அத்தன பேரு முன்னாடி என்னை நிறுத்திட்டீங்களே!"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

அவர் மூடியைப் பொருத்தினார். "என் தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

சாரதா அன்றே கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டாள். மாலைக்குள் ஆளாளுக்கு ஞாபகம் வந்தது. அவர் வந்துபோன பிறகு எங்கள் வீட்டு மிக்ஸிகூட ஓடவில்லை என்றார் ஒருவர். பல்லியை வளர்த்துவிட்டவர் அவர்தான் என்றார் மேலாளர். 'இந்த நபரை உள்ளே அனுமதிக்கக் கூடாது' என்று கேட்டில் ஒட்டிய காகிதத்தில் சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டியிருந்தது. செயலாளர் நான்தான். போட்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. அவர் கட்டிய பெட்டிகளை வேறு ஆட்கள் திறந்து, குதறி, ஒவ்வொன்றாக மாற்றினார்கள். போன மாதம் ஒரு பிற்பகல் கரண்ட் போய் வந்தது. கட்டடத்தில் சத்தமே இல்லை. எல்லோரும் செத்துப்போன வீடுபோல இருந்தது. பால்கனியில் நின்ற சாரதா சொன்னாள்: "தம்புரா மாதிரி ஒண்ணு கேக்குமே, அது போயிடுச்சு பாருங்க. தப்புதான் பண்ணாரு, அதுக்காக ஒரு மனுஷன அப்படி வெரட்டியிருக்க வேணாம் நாம."

அந்த 'நாம' என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நகவெட்டிவரை.

அவள் கத்தவில்லை. தட்டில் போட்ட சோற்றை மறுபடி பாத்திரத்தில் கொட்டினாள். "மொதல்ல க்ரூப்ல எழுதுங்க. அப்புறம் சாப்பாடு."

எழுதினேன். அவர் மேல் குற்றமில்லை, செய்தவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று. ஒருமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, படிக்காமலே எதற்கும் கட்டைவிரல் தூக்கும் ஒருவர், கட்டைவிரல் தூக்கினார். கேட்டில் இருந்த காகிதத்தை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அத்திபெலேயில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் அவர் இருப்பதாகத் தெரிந்தது. இருவரும் போனோம். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், கதவு திறந்தது.

"வாங்க சார். அந்தப் பெரிய ஃபேன என்ன பண்ணீங்க?"

"குஜரியில போட்டுட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒன்றுக்குத்தான் அவர் வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். "அம்மா சுருதிக்கு அதச் சேத்து வெச்சிருந்தேன் சார். பாடறப்ப அது தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் துணைக்கு இருக்கற மாதிரி இருக்கும். புதுப் பெட்டியோட சின்ன ஃபேன் வேற சுருதி. எப்படிம்மா பாடுனீங்க அதோட?"

சாரதா அழுதுவிட்டாள். அந்த அறையில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தது யார் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"திறந்தவுடனே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அம்மா பக்கத்துல நிக்கறாங்களே சார். மெஷினுக்குன்னா எங்கயாச்சும் ஸ்பேர் கெடைக்கும். இந்த வயசுல உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் ஒடஞ்சா, அதுக்கு நான் எங்க போய்த் தேடுவேன்?"

"அதுக்காக உங்க பேரக் கெடுத்துக்கிட்டீங்களே."

"ஆய்து, முடிஞ்சது விடுங்க சார்" என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. டயர் கடைக்காரரின் ஒரு கம்ப்யூட்டரைத் தவிர அவர் மேசையில் வேறு எதுவும் இல்லை.

கெஞ்சித்தான் வரவழைத்தோம். வியாழக்கிழமை வந்தார். புது வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது. கேட்டிலேயே நிறுத்தி, வருகைப் பதிவேட்டை நீட்டி, பெயர் எழுதச் சொன்னான். அவரும் குனிந்து நிதானமாக எழுதினார். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. அவர் மாடிக்குப் போனபின் நான் இறங்கிவந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

அதை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை நான் கெடுத்த பெயர் அது. ஆனால் இப்போது அவர் வாராவாரம் வரும் வியாழக்கிழமைகளில், அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பால்கனியில் நின்று, யாருக்கும் கேட்காமல் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.