சின்ன வேலைகளை ஒழித்த பாலசுந்தரம்

பெரம்பலூரில் பாலசுந்தரத்துக்கு ஒரு கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, குண்டா, கரண்டி வாடகைக்குக் கிடைக்கும். வாசலில் ‘பாலா பாத்திர வாடகை நிலையம், உரிமையாளர்: வ. பாலசுந்தரம்’ என்று ஓரடி உயர எழுத்தில் பலகை மாட்டிப் பத்து வருடமாகிறது. அதை ஊரில் ஒருத்தராவது படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது ‘லீலாக்கா கடை’தான்.

லீலாக்கா என்கிற லீலாவதி அவருடைய மனைவி. உரிமையாளர் பலகைக்கு நேர் கீழே உரிமையாளரே சட்டையும் வேட்டியுமாக உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “அக்கா இல்லீங்களா? சரி, அப்புறம் வரோம்” என்று போய்விடுவார்கள். ஒரு நாள் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. உறையின் மேல் ‘லீலாக்கா மற்றும் வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தார்கள். பேர் கூட இல்லை. பாலசுந்தரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்து ஐந்தில், திருச்சி ஓட்டல் ஒன்றில், ‘வியாபாரத்தைப் பெருக்க ஒரே நாளில் வழி’ என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டு. பாலசுந்தரம் முதல் வரிசையில் உட்கார்ந்தார். டை கட்டிய ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னார்: “முதலாளி என்பவன் முக்கியமான வேலையை மட்டும் செய்பவன். சில்லறை வேலைகளை வெட்டுங்கள். வியாபாரம் தானாக வளரும்.” பாலசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பார்த்து ‘முதலாளி’ என்று ஒருத்தர் சொல்லி எத்தனை காலமாயிற்று!

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“லீலா, இங்க வா. நீ ஒரு நாளைக்கு என்னென்ன வேலை செய்யறேன்னு சொல்லு. எழுதிக்கிறேன்.”

“எதுக்குங்க? ரேஷன் கார்டுல சேக்கறதுக்கா?”

“வியாபாரத்த வளக்கறதுக்கு.”

லீலாவதி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நாலு பக்கம் வந்தது. பாலசுந்தரம் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“வரவங்களுக்கெல்லாம் மோர் குடுக்கிறியே, எதுக்கு?”

“வெயில்ல வராங்க.”

“அது நம்ம வியாபாரமா?”

“தாகம் அவங்களுது. மோர் நம்மளுது.”

மோரை அடித்தார்.

“அண்டாவுக்குள்ள ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சத்துண்டு. இது?”

“நல்ல காரியத்துக்கு வெறும் பாத்திரம் குடுக்கக் கூடாதுங்க.”

“நாம அண்டா வாடகைக்கு விடுறமா, அரிசி வாடகைக்கு விடுறமா?”

அரிசியும் மஞ்சளும் போயின.

“அண்டா காதுல மஞ்சக் கயிறு கட்டுறியே, அது?”

“கயிறு கட்டுனது நல்ல காரியத்துக்கு. கட்டாதது கருமாதிக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடக் கூடாதுல்ல?”

“அண்டாவுக்குத் தெரியுமா, எது எங்க போச்சுன்னு?”

“அண்டாவுக்குத் தெரியாதுங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரியும்.”

கயிற்றையும் வெட்டினார். நாலு பக்கமும் சிவந்த பிறகு பாக்கி நின்றது ஒன்றே ஒன்று: கடையைத் திறப்பது. அதைத் தானே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தார்.

“இனிமே நீ வூட்டுல நிம்மதியா இரு. இன்னொண்ணு. எங்கிட்ட முக்கியமான விஷயம் மட்டும்தான் சொல்லணும். சின்ன விஷயம் எதுவும் காதுல விழக் கூடாது.”

“சரிங்க” என்றாள் லீலாவதி.

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் மறுபேச்சு இல்லாமல் ‘சரிங்க’ என்றது அதுதான் முதல் தடவை. பயப்பட வேண்டிய மனுஷன் சந்தோஷப்பட்டார். மறுநாளே கடைக்குள் கண்ணாடி அறை ஒன்று கட்டி, உள்ளே சுழல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாத்திரங்கள் வெளியே ஒரே குவியலாகக் கிடந்தன. பார்க்கவே சுறுசுறுப்பாக இருந்தது.

பதினோராவது நாள் குரும்பலூரில் வீரமுத்து வீட்டில் மஞ்சள் நீராட்டு. வீரமுத்து உரக்கடை வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர். பாத்திரமெல்லாம் பாலா கடையிலிருந்து வந்தது. பாலசுந்தரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உரிமையாளர் என்ற முறையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பந்தியில் பாயசம் வந்தது. பாயசத்தோடு ஒரு குரலும் வந்தது.

“ஏப்பா, இந்த அண்டா எங்க மாமனார் கருமாதிக்கு வந்ததுல்ல?”

கேட்டவர் வீரமுத்துவின் பங்காளி. பக்கத்திலிருந்தவர், “என்னய்யா ஒளர்ற?” என்றார்.

“ஒளர்றனா? இந்த நெளிவு எனக்குத் தெரியாதா? போன வாரம் நாந்தான கீழ போட்டேன்!”

பந்தி நின்றது. பாயசத்தோடு வாய்க்குப் போன கைகள் பாதி வழியில் நின்றன. பெண்கள் ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். வீரமுத்து அண்டாவைப் பார்த்தார். அப்புறம் பாலசுந்தரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. பாலசுந்தரத்தின் இலையில் மட்டும் பாயசம் காலியாகியிருந்தது. எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பந்தலுக்குப் பின்னால் ஓடி, செல்போனை எடுத்தார்.

“லீலா... ஒரு விஷயம்.”

“சின்ன விஷயமா, முக்கியமான விஷயமாங்க?”

“முக்கியம்டி! ரொம்ப முக்கியம்! கருமாதி அண்டா பாயசத்துக்கு வந்துடுச்சு!”

“அங்கயே இருங்க. எதையும் தொடாதீங்க.”

அரை மணி நேரத்தில் சிங்காரவேலுவின் வண்டி வந்து நின்றது. சிங்காரவேலு, யார் கூப்பிட்டாலும் லோடு ஏற்றுகிற மினி லாரிக்காரன். முன் சீட்டிலிருந்து லீலாவதி இறங்கினாள். பின்னால் பளபளவென்று நாலு அண்டா, காதில் மஞ்சள் கயிறோடு. கூடவே அடுத்த தெரு சமையல்காரி வீரம்மாள். லீலாவதி நேராகப் போய் வீரமுத்துவின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முக்கால் மணியில் புதுப் பாயசம் கொதித்தது.

இவர்கள் கிளம்பும்போது வீரமுத்து சொன்னார்: “அக்கா மூஞ்சிக்காக விடுறேன்.” பாலசுந்தரத்திடம் அல்ல. அவருக்கு ரெண்டடி தள்ளி நின்ற கம்பத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

இவ்வளவு பட்ட பிறகு ஒரு மனுஷனுக்குப் புத்தி வரத்தான் வேண்டும். வந்தது. பிரச்சினை தன்னிடமில்லை, சின்ன வாடிக்கைக்காரர்களிடம்தான் என்று வந்தது. ஒரு அண்டா, ரெண்டு அண்டா எடுக்கிறவர்களுக்குத்தான் இத்தனை சொந்தக்காரர்கள், இத்தனை வாய். மறுநாள் கடையில் புதுப் பலகை தொங்கியது: ‘சில்லறை ஆர்டர் கிடையாது.’

பலகை மாட்டியதில் ஒரு சௌகரியம். இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ஆளும் இல்லை. பாலசுந்தரம் கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று சுற்றினார். கடை போனால் ‘வீட்டுக்காரர்’ என்கிற பட்டம் மட்டும்தான் மிச்சம்.

மூன்றாவது வாரம் சிங்காரவேலு வந்தான்.

“அண்ணே, அன்னம் ஏஜென்சியிலேருந்து அனுப்பிச்சாங்க. பாத்திரமெல்லாம் மாசக் கணக்குல மொத்தமா எடுத்துக்கறாங்களாம்.”

“எல்லாத்தையுமா?”

“கரண்டி வரைக்கும்.”

பாலசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “யாருப்பா மொதலாளி? எந்த ஊரு?”

சிங்காரவேலு தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் சின்ன விஷயம்ணே.”

நியாயமாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் வியாபாரம் வளர்ந்த வளர்த்தியைச் சொல்லி மாளாது. ஒரே வாடிக்கைக்காரர். மாதம் பிறந்தால் வாடகை. ஆறு மாதத்தில் இன்னும் நூறு அண்டா கேட்டார்கள், வாங்கிப் போட்டார். மோர் இல்லை, அரிசி இல்லை, கயிறு இல்லை. பாலசுந்தரம் நாள் முழுக்கப் பேப்பர் படித்தார். வரி விளம்பரம் கூட விடவில்லை. லீலாவதிதான் வீட்டில் இருப்பதில்லை. எப்போது கேட்டாலும் வீரம்மாள் வீட்டில். பெண்கள் பேச ஆரம்பித்தால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: “ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“முக்கியமா, சின்னதா?”

கொஞ்சம் யோசித்தாள். “எனக்குச் சின்னதுதான்.”

“அப்ப வேண்டாம்.”

இன்னொரு நாள், “வீரம்மா வூட்டுக் கொல்லையில...” என்று ஆரம்பித்தாள். “கொல்லை சமாச்சாரமா? ஆள விடு” என்றார். மூன்றாவது தடவை ஒரு காகிதத்தில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை ஆடிக்கொண்டிருந்தது. பாலசுந்தரம் காகிதத்தை நாலாக மடித்து மேஜைக் காலுக்கடியில் வைத்தார். மேஜை நின்றது.

அடுத்த வருடம் அரியலூரில் பந்தல், பாத்திர வாடகைக்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் அய்யம்பெருமாள் தானே போன் செய்து, “சார், நீங்க எப்படி வளந்தீங்கன்னு நம்மாளுங்களுக்கு நாலு வார்த்தை பேசணும்” என்றார். ‘சார்’ என்ற வார்த்தையைப் பாலசுந்தரம் இரண்டு நாள் அசை போட்டார். ஒரு யோசனையும் உதித்தது. தன்னை வளர்த்துவிட்ட அன்னம் ஏஜென்சி உரிமையாளருக்கு மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும். முதலாளிக்கு முதலாளி செய்கிற மரியாதை! சிங்காரவேலுவிடம் அழைப்பிதழ் கொடுத்து அனுப்பினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, “வேணாம்ணே” என்றான். “அவருக்குக் கூச்சமா? நான் பாத்துக்கறேன்” என்றார் பாலசுந்தரம்.

மண்டபத்தில் இருநூறு பேர். பாலசுந்தரம் அரை மணி பேசினார். கைதட்டினார்கள். மோர் கொடுப்பவனைப் பற்றி அவர் சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தார்கள். கடைசியில் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எனது வளர்ச்சிக்குக் காரணமான பெருந்தகை, அன்னம் ஏஜென்சி உரிமையாளர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!”

யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். பெண்கள் வரிசையில் லீலாவதி கைப்பையை வீரம்மாளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். மேடையை நோக்கி நடந்தாள். தான் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவருகிறாள் என்று நினைத்த பாலசுந்தரம், ‘அப்புறம், அப்புறம்’ என்று கண்ணால் ஜாடை காட்டினார். அவள் ஏறி வந்து அவருக்கு எதிரில் நின்றாள்.

“லீலா, கீழ போ. பெரிய மனுஷர் ஒருத்தர் வரப்போறாரு.”

“வந்தாச்சுங்க” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக் வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது.

முதலில் சிரித்தது வீரமுத்துவின் பங்காளி. குரும்பலூரில் அவரும் பந்தல் போடுகிறவராம். அப்புறம் மண்டபமே சிரித்தது. அய்யம்பெருமாள் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பாலசுந்தரத்துக்குக் காது இரண்டும் கொதித்தன. கையில் சால்வை. கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

“போத்துங்க. எல்லாரும் பாக்குறாங்க” என்று லீலாவதி பல்லிடுக்கில் சொன்னாள். போர்த்தினார். சால்வை தலைகீழாக விழுந்தது. அவளே சரிசெய்துகொண்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி தாண்டும் வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்:

“ஏன் லீலா சொல்லல?”

“மூணு தடவ சொன்னேன்.”

“எப்படிச் செஞ்ச?”

“நீங்க வெட்டிப் போட்ட வேலையெல்லாம் நான் எடுத்துச் செஞ்சேன். வீரம்மா வூட்டுக் கொல்லையில கொட்டாய் போட்டோம். உங்க பலகையப் பாத்துட்டுத் திரும்புனவங்கள்லாம் அங்க வந்துட்டாங்க. அவ்ளோதான்.”

“ஊர் முழுக்கத் தெரியுமா?”

“உங்களத் தவிர தெரியும். ஊரு உங்களப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னுதான் வேற பேர் வெச்சேன். யாரையும் வாயத் தொறக்க விடல.” சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீங்களாத்தான் மைக் வெச்சுக் கூப்பிட்டீங்க.”

தன்னைக் காப்பாற்ற ஒருத்தி ஒரு வருடம் ஊர் வாயைக் கட்டி வைத்திருக்கிறாள், அதைத் தானே மேடை ஏறி அவிழ்த்துவிட்டோம் என்பதுதான் இருநூறு பேர் சிரிப்பை விட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் காலை பாலசுந்தரம் கண்ணாடி அறைக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரம்மாள் வீட்டுக் கொல்லைக்குப் போய், யாரும் சொல்லாமலே ஒரு அண்டாவை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். லீலாவதி பார்த்தாள், இன்னொரு அண்டாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் பார்க்க வந்தார். பாலசுந்தரம் எழுந்து, எத்தனை பேர் சாப்பிடுவார்கள், சமையல் விறகிலா கேஸிலா என்று பக்குவமாக விசாரித்தார். அந்த அம்மாளுக்கு ரொம்பத் திருப்தி.

“நல்லாப் பேசுறீங்க தம்பி. லீலாக்காகிட்ட வேலைக்குச் சேந்து எத்தனை நாளாச்சு?”

பாலசுந்தரம் கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்குத்தாங்க.”