அடுத்த மாடல் வரும்வரை

அந்த வீட்டில் சோபாவைத் தேர்ந்தெடுத்தது மனைவி. ஜன்னல் திரை மனைவி. பஸ் டிப்போ டைம்கீப்பரான கணவரின் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி ஃபிரேம்கூட மனைவி பார்த்து வாங்கியதுதான். அதனால் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "கேமரா மட்டும் நான் பாத்து வாங்கறேன்" என்று அவர் அறிவித்தபோது, குரலில் ஒரு விடுதலை வீரனின் கம்பீரம் இருந்தது.

மனைவி மறுக்கவில்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

"தாராளமா பாருங்க. வெள்ளிக்கிழமை பாப்பா நாடகம். வியாழக்கிழமை கடை மூடறதுக்குள்ள வாங்கிடணும். இல்லன்னா நான் வாங்கிடுவேன். அப்புறம் யாரைக் கேட்டு வாங்கினேன்னு குதிக்கக் கூடாது."

"குதிக்க மாட்டேன்."

"பாப்பா, நீதான் சாட்சி."

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், நாடகத்தில் ராணி, இப்போதே ராணி மாதிரி தலையசைத்தாள்.

கேமரா வாங்கப் போகிற மற்றவர்கள் படம் தெளிவாக விழுகிறதா, கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டைம்கீப்பருக்கு அதெல்லாம் சில்லறை விஷயம். பகல் முழுக்க பஸ் டிப்போ வாசலில் நின்று, எது முந்துகிறது எது பிந்துகிறது என்று பார்த்தே பழகின கண் அது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கேமரா செய்கிறவனின் வேகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தன் வருஷத்துக்கு ரெண்டு மாடல் விடறான்," என்றார் சமையலறை வாசலில் நின்று. "ஓவர் ஸ்பீடு. இன்னிக்கு வாங்கினா வீட்டுக்கு வர்றதுக்குள்ள பழசாயிடும்."

"அப்ப அவன் வேண்டாம்." மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொருத்தன் பல வருஷமா ஒரே மாடலை வச்சு ஓட்டறான். நடுரோட்டுல நிக்கிற கேஸு. நாளைக்கு ரிப்பேருன்னா ஆள் இருக்க மாட்டான்."

"அவனும் வேண்டாம். மூணாவது யாராவது இருக்கானா?"

"இருக்கான். கரெக்ட் டைம். சும்மா பேரை மாத்தி விடமாட்டான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது உருப்படியா பண்ணித்தான் விடுவான். இப்ப வந்திருக்கிறதுல மேடை வெளிச்சத்துல எடுத்தாலும் மூஞ்சி மூஞ்சியா தெரியும்."

"அதையே வாங்கிடுங்க."

"அப்படிப் பொசுக்குன்னு வாங்கிட முடியுமா? அடுத்தது எப்பன்னு பாக்க வேண்டாமா? நிக்கிற பஸ்ல அடிச்சுப் புடிச்சு ஏறுவாங்க, பின்னாலேயே காலியா ஒண்ணு வரும். தெனம் பாக்கறேன்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, அடுத்தது எப்ப?"

"இப்போதைக்கு இல்லை. நல்லா விசாரிச்சுட்டேன்."

"அப்ப வியாழக்கிழமை வாங்கிடுவீங்க."

"அதுல என்ன சந்தேகம்?"

வியாழக்கிழமை மாலை இஸ்திரி போட்ட சட்டையில் கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் கேட்ட மாடலையே எடுத்து வைத்தார். கையில் வாங்கிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைத் தானே வாங்கப்போகிற பூரிப்பில் பர்ஸைப் பாதி வெளியே எடுத்தார்.

"நல்ல மாடல் சார்," என்றார் கடைக்காரர். "அடுத்தது வர்ற வரைக்கும் இதை அடிச்சுக்க ஆளில்லை."

பர்ஸ் நின்றது. "அடுத்ததா? எப்ப வருது?"

"அது வரும் சார். வராம எங்க போகும்?"

பர்ஸ் மெதுவாக உள்ளே போனது.

வீட்டில் யாருமில்லை. சோபாவில் உட்கார்ந்து, மனைவியிடம் சொல்லவேண்டிய நியாயங்களை வரிசைப்படுத்தினார். கொஞ்ச நேரத்தில் தாயும் மகளும் வந்தார்கள்.

"வாங்கலை," என்றார் முந்திக்கொண்டு. "அடுத்தது வருதாம். அவசரப்பட்டா ஏமாந்துடுவோம்."

"தெரியும்," என்று மனைவி பையிலிருந்து கேமராவை எடுத்து மேஜையில் வைத்தாள். அதே மாடல்.

டைம்கீப்பர் சோபாவிலிருந்து எழுந்தார். "இது எப்ப?"

"நீங்க கடைப் படி இறங்கினீங்க, நாங்க ஏறினோம்," என்றாள் மகள். "எதிர்க்கடையில ஜூஸ் குடிச்சுக்கிட்டே பாத்தோம்பா."

"கடைக்காரனுக்குச் சொல்லிக் குடுத்தது நீயா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு வார்த்தை. பர்ஸை எடுக்கும்போது அடுத்ததுன்னு சொல்லிப் பாருங்கன்னேன். அதுக்கப்புறமும் வாங்கினார்னா பேசாம குடுத்துடுங்க, எனக்கும் சந்தோஷம்தான்னேன்."

"இது சூழ்ச்சி."

"எது சூழ்ச்சி? கம்பெனிக்காரன் வேகத்தை நீங்க பாத்தீங்க. நான் உங்க வேகத்தைப் பாத்தேன். கடை மூடறதுக்குள்ள யாராவது ஒருத்தர் வாங்கணுமில்ல?"

அவருக்கு நிஜமாகவே வலித்தது. மேஜையின் மேல் இருந்ததை வெறித்துப் பார்த்தார். திடீரென்று முகம் தெளிந்தது.

"இரு இரு. இது நான் சொன்ன மாடல்தானே? அப்ப தேர்ந்தெடுத்தது நான்தான்."

"ஆமாங்க. நீங்கதான். யாரு இல்லேன்னது?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கேமராவை எடுக்கக் கை நீட்டினார்.

மனைவி அதன் வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இதை நான் பாத்துக்கறேன். அடுத்தது எப்ப வருதுன்னு நீங்க பாத்துக்கிட்டே இருங்க. அந்தப் பொறுப்பு முழுக்க உங்களோடதுதான்."