எல்இடி சாரும் பூக்காத செடியும்

கலிஃபோர்னியாவின் டப்ளின், லிவர்மோர் இரண்டு ஊர்களையும் சேர்த்துச் சலித்தாலும் எல்இடி சாரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். 2007 வாக்கில் டப்ளினில் என் மகன் வீட்டுக்கு அடுத்த அபார்ட்மெண்ட் அவருடையது. வீட்டின் பதினேழு விளக்குகளும் அவரே சால்டர் செய்த எல்இடிகள். அந்த வெளிச்சத்தில் சாம்பார் நீலமாகத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

அந்த வருஷம் அவர் மனைவி சரோஜாவுக்குக் கீமோ. தாளிக்கும் வாசனை வந்தாலே வாந்தி. பாதி ஆளாகிவிட்டார். பசி எடுக்கக் கஞ்சா உதவலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். கலிஃபோர்னியாவில் அதற்கு அனுமதி உண்டு.

"கடைச் சரக்குல எவன் என்ன மருந்து அடிச்சானோ. நானே க்ரோ பண்ணப்போறேன் சார்" என்றார் எல்இடி சார்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். "ஃபெடரல் சட்டப்படி தப்பு சார். என் கிரீன் கார்டு என்ன ஆகும்?"

"செடி என் வீட்டுல. உங்க கார்டு எதுக்கு வாடுது?"

செடி வளர்ப்புச் சாமான் விற்கும் கடைக்காரர், சோடியம் விளக்குதான் வேண்டும் என்றார். எல்இடி என்றதும், கிறிஸ்துமஸ் மரத்துக்கா என்று சிரித்தார். சார் அசையவில்லை. சிவப்பும் நீலமுமாக ஒரு பலகை நிறைய எல்இடி பதித்து, படுக்கையறையை ஒட்டிய, ஜன்னலில்லாத துணி அறையில் தொங்கவிட்டார். பூஜை அலமாரியும் அங்கேதான். முருகனுக்குக் கீழே மூன்று செடிகள்.

இலைகள் தழைத்தன. நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஆனால் மருந்து பூவில்தான் இருக்கிறது. தினம் பாதி நாள் கும்மிருட்டு கிடைத்தால்தான் பூக்குமாம். டைமர் வைத்தார். பூக்கவில்லை. இன்னும் எல்இடி சேர்த்தார். அப்போதும் இல்லை. எல்இடியில் இலைதான் வரும் என்றார் கடைக்காரர்.

"சரோஜாவுக்காகவாவது சோடியம் லைட் வாங்கிடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"அவளுக்காகத்தான் வாங்கலை. அது லைட் இல்லை சார், அடுப்பு. அந்தச் சூட்டுலயும் அதைத் தணிக்கிற ஃபேன் சத்தத்துலயும் அவ எப்படிப் படுப்பா?"

ஒரு சாயங்காலம் சாமி கும்பிட வந்த சரோஜா, செடிகளைப் பார்த்தபடி நின்றார்.

"என்னங்க, இதுங்களுக்கு இருட்டு வேணும்னீங்களே. முருகன் முன்னாடி சின்ன ரெட் பல்பு எந்நேரமும் எரியுதே?"

"அது சாமி லைட்டும்மா. அணைக்கக் கூடாது."

"செடிக்கு அது தெரியுமா?"

எல்இடி சார் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேருமே அதை ஒரு விளக்காகக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றே முருகன், பல்போடு, சமையலறை மைக்ரோவேவ் மேல் குடியேறினார். கொஞ்ச நாளில் பூ வந்தது. நோஞ்சான் பூக்கள். சோடியத்தில் இன்னும் கனமாக வந்திருக்கும் என்று சாரே ஒப்புக்கொண்டார். "ஆனா இவளுக்கு இது போதும் சார்."

பூவைக் காயவைத்து, டாக்டர் சொன்னபடி நெய்யில் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் சரோஜா தானாகவே தயிர்சாதம் கேட்டார்.

எல்இடி சார் எதிரே உட்கார்ந்து, மனைவி உண்ட ஒவ்வொரு கவளத்துக்கும் தன் வாயையும் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கவளங்களை எண்ண ஆரம்பித்த நான், பாதியில் விட்டுவிட்டு அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.