முந்திரிக்கொட்டைக்கு மறதி வகுப்பு

மாணவர்களிடையே ஏற்றத்தாழ்வு இருப்பதற்குக் காரணம் மதிப்பெண்களே என்று கல்வி இயக்குநரகம் நெடுநாள் ஆராய்ந்து கண்டுபிடித்தது. காய்ச்சலுக்குக் காரணம் வெப்பமானி என்று கண்டுபிடிப்பதற்கு நிகரான ஆராய்ச்சி. கையோடு சுற்றறிக்கை வந்தது: முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் உள்ள இடைவெளியே இனி ஒரு பள்ளியின் தரம். இடைவெளி மறைந்தால் பள்ளிக்குக் கேடயம். மறையாவிட்டால் தலைமையாசிரியருக்கு இடமாற்றம். எப்படி மறைப்பது என்று அதில் இல்லை. விவரமுள்ள சுற்றறிக்கைகள் அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை.

தலைமையாசிரியர் அப்போதுதான் சொந்த வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார். இடமாற்றம் என்ற சொல்லைப் படித்ததும் சமத்துவத்தின் மேல் அவருக்குத் தீராத பற்று உண்டாயிற்று.

ஐந்தாம் வகுப்பின் கணக்கு மதிப்பெண்களைப் பார்த்தார். உச்சியில் முந்திரிக்கொட்டை, நூறு. கேள்வி முடியுமுன் பதில் சொல்லும் சிறுமிக்கு வகுப்பு வைத்த பெயர் அது. அடியில் தூங்குமூஞ்சி, எட்டு. கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்.

"இவன மேல ஏத்த எவ்வளவு நாளாகும்?"

"குறைஞ்சது ஒரு வருஷம் சார்."

"சரி, இவளக் கீழ இறக்க?"

டீச்சர் படித்த பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தவில்லை.

மறுநாள் முந்திரிக்கொட்டையின் அப்பா வரவழைக்கப்பட்டார். தையல்காரர். காதில் செருகிய சுண்ணக்கட்டியோடு வந்து நின்றார்.

"உங்க பொண்ணு மேல ஒரு புகார்."

"யாரையாவது அடிச்சிட்டாளா சார்?"

"நூறு வாங்கிட்டா. அதனால இடைவெளி உண்டாகுது. சாயங்காலம் அவளுக்கு மறதி வகுப்பு வைக்கிறோம். வீட்டுல நீங்களும் ஒத்துழைக்கணும்."

"சார், சட்டை பத்தலன்னா பிரிச்சுத் தைப்போம். ஆளையா வெட்டுவோம்?"

"அது தையல். இது கல்வி."

மறதி வகுப்பு முறைப்படி தொடங்கியது.

"பின்னத்தை மறந்துடு" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடி.

"எல்லாத்தையுமா டீச்சர்?"

"இன்னிக்கு அரை மட்டும்."

"அரைய மறந்துட்டா அதுல பாதி கால்னு எப்படி ஞாபகம் வரும்?"

"அதுவும் வரக் கூடாதும்மா."

"அப்ப மறக்க வேண்டியதையெல்லாம் எழுதிக் குடுங்க டீச்சர். வீட்டுல மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறேன்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நின்று சிரித்தார்.

அடுத்த தேர்வில் முந்திரிக்கொட்டை சுத்தமாகப் பூஜ்யம் வாங்கினாள். ஒரு விடைகூடத் தவறியும் சரியாகிவிடவில்லை. எல்லாவற்றையும் தப்பாக எழுத எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இயக்குநரகத்துக்கு எட்டாத நுட்பம். தலைமையாசிரியர் லட்டு கிடைத்தவர்போலக் கழித்துப் பார்த்தார், முகம் கறுத்தது. இரண்டாமிடத்துக்காரி வாங்கியிருந்தது தொண்ணூற்றாறு, தூங்குமூஞ்சி அதே எட்டு. முன்பு தொண்ணூற்றிரண்டாக இருந்த இடைவெளி இப்போது தொண்ணூற்றாறு.

"நீ மேல இருந்தாலும் தொல்லை, கீழ இருந்தாலும் தொல்லை. மாற்றுச் சான்றிதழ் தர்றேன், வேற பள்ளிக்கூடம் பாத்துக்கோ."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "நான் போயிட்டாலும் இடைவெளி எண்பத்தெட்டு இருக்கும் சார். தூங்குமூஞ்சிக்கு நான் சொல்லிக் குடுக்கட்டுமா?"

தலைமையாசிரியர் சுற்றறிக்கையை மறுபடி முழுதும் படித்தார். கற்றுக்கொடுப்பதற்கு எங்கும் தடை இல்லை. யாருக்கும் தோன்றாததால் தடுக்க மறந்திருந்தார்கள். "ஆண்டுத் தேர்வு வரைக்கும் டைம் தர்றேன்" என்றார்.

முந்திரிக்கொட்டை முதலில் தூங்குமூஞ்சியின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து போர்டில் வெயில்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

"ஏண்டா, இத டீச்சர்கிட்ட சொல்லலாம்ல?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்."

அவனை முன்வரிசைக்கு இழுத்து வந்தாள். அவனுக்குப் புரியும்வரை திட்டினாள். புரிந்ததும் அவன் அடுத்தவனைத் திட்டினான். இப்படியே திட்டு வகுப்பு முழுவதும் பரவியது. ஆண்டுத் தேர்வில் அத்தனை பேரும் நூறு. இடைவெளி பூஜ்யம். மாற்றுச் சான்றிதழ் மேசைக்குள் போயிற்று. கேடயம் மேசைமேல் வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் முடிவை அறிவித்தார். கைதட்டல் எழவில்லை. தையல்காரர் எழுந்தார்.

"எல்லாரும் நூறுன்னா, எம் பொண்ணு எத்தனாவது சார்?"

"எல்லாரும் முதல்தான்."

"பின்னால யாருமே இல்லாம அது என்ன சார் முதல்?"

தூங்குமூஞ்சியின் அம்மா ஆமோதித்தார். "கடைசின்னாலும் அவனுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. இப்ப சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?"

பழையபடி வரிசை போட வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. ஒருவர் விடாமல் கையெழுத்திட்டார்கள். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற இடைவெளியே பெற்றோரிடம் இல்லை. மக்கள் விருப்பத்துக்குத் தலைவணங்கி இயக்குநரகம் புதிய சுற்றறிக்கை தயாரிக்கத் தொடங்கியது.

தையல்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

"இனிமே எவனுக்காவது சொல்லிக் குடுத்தே, காலை ஒடிப்பேன்."

"அடுத்த பாடம் அவனுக்கு இன்னும் புரியலப்பா."

"புரியாம இருக்கட்டும். அப்பதான் நீ படிக்கிறது நாலு பேருக்குத் தெரியும்."