ஒன்பதாம் நம்பர் மெரூன்

மூன்றாவது மெரூனும் செங்கல் மாதிரிதான் வந்தது. பிரிண்டிங் கடை கலர் அண்ணன் அந்தக் காகிதத் துண்டைத் துணியின் மேல் வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார். செங்கல்தான்.

துணி, சோபா கடைக்காரர் காலையில் கொடுத்துவிட்டுப் போனது. புதிதாக வந்த சோபாவின் படம் ஆறடி போஸ்டராக மூன்று மணிக்குள் வேண்டும், துணியில் இருக்கும் அதே மெரூன் வேண்டும் என்று அவர் நான்கு தடவை சொல்லியிருந்தார்.

போஸ்டரை விட அண்ணனுக்குப் பெரிய கவலை, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி. ரிப் என்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. எந்த மையை எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்லிவிடும். அது நமக்கும் வேண்டும் என்று மனைவி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் சரிபாதி அவளுடையது. என் கண் இருக்கும்போது அது எதற்கு என்பது அண்ணனின் கட்சி. இன்று காலை அவள் ஒரு முடிவோடு வந்தாள்.

"இந்த மெரூனை நீங்க கொண்டு வந்துட்டா, அந்த சாப்ட்வேர் பேச்சையே நான் இனி எடுக்கல. வரலைன்னா இந்த நாற்காலி எனக்கு. நீங்க கவுன்டர்ல உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டுங்க."

"எழுதிக் கொடுக்கவா?" என்று கேட்டிருந்தார் அண்ணன், பெரிய வீரன் மாதிரி.

இப்போது கம்ப்யூட்டரில் மஞ்சளின் நம்பரை இரண்டு புள்ளி குறைத்தார். செங்கல் போய் பீட்ரூட் வந்தது. நீலத்தைக் கூட்டினார், கத்தரிக்காய் ஆனது. கறுப்பைக் கொஞ்சம் சேர்த்ததும் பழைய காயம் மாதிரி ஒன்று வந்தது. போஸ்டர் ஓரம் வெட்டும் பெண் ஒவ்வொரு துண்டையும் மெஷினிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

தப்பு டியூப்லைட் மேல் என்று தோன்றியது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அங்கே கண்ணாடியே லேசாகப் பச்சை. தெருவுக்கு இறங்கினார். வெயிலில் எல்லாம் வெளுத்தன. எதிர்க்கடையில் சாவி வெட்டுகிறவரிடம் நீட்டிக் கேட்டால், எல்லாமே நன்றாக இருக்கிறது என்றார். சாவி வெட்டுகிற ஆளுக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும் என்று முனகிக்கொண்டே அண்ணன் திரும்பி வந்தார்.

ஒன்பதாவது துண்டில் அது நடந்தது. துணியை அதன் மேல் வைத்ததும், துணி எங்கே முடிகிறது, காகிதம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் அவருக்கே பிடிபடவில்லை.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், துணியைத் தூக்கிப் பார்த்தாள், திரும்ப வைத்தாள்.

"அச்சு அசலா இருக்குங்க."

"அப்போ அந்தப் பேச்சு?"

"இனி எடுக்கல."

ஒரு சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. அவள் கவுன்டருக்குப் போய்விட்டாள். ஜெயித்த தெம்பில் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சோம்பல் முறித்தார். இன்னும் ஒரே ஒரு புள்ளி சிவப்பு ஏற்றினால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்தது. ஏற்றினார். திரையில் பார்க்கப் பிடிக்கவில்லை, எல்லா நம்பரையும் மொத்தமாக அழித்தார். அழித்த பிறகுதான் ஒன்பதாவதின் நம்பர்களை எங்கேயும் குறித்து வைக்கவில்லை என்பது உறைத்தது. வியர்த்தது. வியர்க்கிறதே என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். மேசையிலிருந்த ஒன்பது துண்டும் பறந்து, அறையெங்கும் விழுந்தன.

மணி இரண்டரை. அண்ணன் முட்டி போட்டுத் துணியோடு தவழ்ந்தார். ஒன்பதாவது எதுவென்று தெரிந்தால், எங்கே நின்று என்ன மாற்றினோம் என்றாவது யோசிக்கலாம். ஆனால் இந்தத் துண்டின் மேல் வைத்தாலும் துணி அதோடு கலந்து காணாமல் போனது. அடுத்ததிலும் போனது. செங்கலையும் காணோம், கத்தரிக்காயையும் காணோம். கண்ணே கெட்டுப்போய்விட்டதோ என்று கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா தாயே," என்றார் ஓரம் வெட்டும் பெண்ணிடம், கவுன்டருக்குக் கேட்காத குரலில். "இதுல ஒன்பதாவது எதுன்னு மட்டும் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதை வேணா எடுத்துக்கோங்கண்ணா, அக்கா போன மாசமே அந்த சாப்ட்வேரை வாங்கிப் போட்டுட்டாங்க, நீங்க மாத்துற நம்பர் எதுவும் மெஷினுக்குப் போறதே இல்ல."