ரைட்டர் பெரியண்ணனின் ரவுட்டர் பரிபாலனம்

உலகத்தில் எதுவும் தானாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று முறைத்துக்கொண்டிருப்பதால்தான் ஒவ்வொன்றும் நடக்கிறது. மனித குலத்துக்கு இந்த மாபெரும் உண்மையை அருளியவர், ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து இறங்கும் சரிவில் மூன்றாவது ஓட்டு வீட்டில் வசிக்கும் திருவாளர் பெரியண்ணன். காப்பி எஸ்டேட் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டு ரைட்டராக இருந்தவர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கணக்கு எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, வந்தவர் நிஜமாகவே வேலை செய்தாரா என்றெல்லாம் நோட்டில் எழுதுவார். கற்பனை வளம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேவைப்படும்.

ஓய்வு பெற்றதும் அவருக்குக் கண்காணிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. மனைவி காலமாகி மூன்று வருடம். வீட்டில் மிஞ்சியிருந்த பூனையும், தன் வருகை நேரம் பதிவாகிறது என்று தெரிந்ததும் மனம் வெறுத்து அடுத்த தெருவுக்குக் குடி போய்விட்டது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் மகள் சிவரஞ்சனி பெங்களூரிலிருந்து ஒரு பையும் ஒரு லேப்டாப்புமாக வந்து இறங்கினாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை.

“அப்பா, இனி ஊட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா ரெண்டு மாசம் சோதனைங்க. மீட்டிங்ல லைன் அறுந்து அறுந்து போச்சுன்னா மறுக்காவும் பெங்களூருதான்.”

“அறுகாது கண்ணு. அதுக்கு நானாச்சு.”

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டுப் பெரியண்ணன் சமையலறைக்குப் போனார். அடுப்பில் பாலே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். மகள் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அவருக்கு இனி வேறொன்றும் வேண்டியதில்லை.

‘சூறாவளி-6’ என்ற ரவுட்டர் ஆன்லைனில் தருவிக்கப்பட்டது. நான்கு கொம்பு. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு குடும்பமே காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் இணைய லைன் கொடுக்கிற சத்யராஜ் வந்து மாட்டிவிட்டான்.

“மாசம் முந்நூறு ஜிபி வரைக்கும் பறக்குமுங்க. அதுக்கு மேல போனா நடக்குமுங்க. உங்க ஊட்டுக்கெல்லாம் அது தீரவே தீராது,” என்ற சத்யராஜ், போகிற போக்கில் பெரியண்ணனின் போனில் ஓர் ஆப்பையும் போட்டுக் கொடுத்தான். “இந்த பட்டனை அமுத்துனீங்கன்னா நெட்டு என்ன ஸ்பீடுன்னு காட்டுமுங்க.”

நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் யாரிடம் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டாமா?

அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கப்பட்டது. அடிமட்டம் வைத்துக் கோடு போடப்பட்டது. தேதி, நேரம், வேகம், மேகமூட்டம், ரவுட்டரின் நடத்தை, மேற்பார்வையாளர் குறிப்பு என ஆறு கட்டம். முதல் வாரம் மணிக்கொரு சோதனை. ‘காலை 6.00. வேகம் ஐம்பது. திருப்தி.’ ‘7.00. நாற்பத்தெட்டு. அலட்சியம் தெரிகிறது.’ ‘8.00. ஐம்பத்தொன்று. கண்டித்ததில் பலன் உண்டு.’

இரண்டாம் வாரம் ஒரு மீட்டிங்கில் சிவரஞ்சனியின் முகம் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டது. பெங்களூரில் பன்னிரண்டு பேர் அரை நிமிடம் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைத் தம் ‘நிர்வாகத்தின்’ மீது விழுந்த கறையாகவே பெரியண்ணன் கருதினார். மணிக்கொரு சோதனை பத்து நிமிடத்துக்கு ஒன்றானது. அப்படியும் முகம் நின்றது. சோதனை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானது. இப்போது முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றது.

“என்னுங்கப்பா, எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு? சோறு ஆறிப்போச்சு பாருங்க.”

“நீ சாப்புடு சாமி. நான் பாக்காத நேரமாப் பாத்துத்தான் அது படுத்துக்குது. இந்தப் புத்தியெல்லாம் எனக்குத் தெரியாதா?”

ரவுட்டருக்கு இடமாற்றல் உத்தரவுகள் பறந்தன. ஹாலிலிருந்து பீரோ மேல். பீரோவிலிருந்து அரிசி டிரம் மேல். அங்கிருந்து சாமி அலமாரி. அங்கே அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைக்கப்பட்டது. வேகம் இரண்டு புள்ளி ஏறியது. ‘பக்தி உள்ளது. உழைப்பு போதாது’ என்று நோட்டில் எழுதினார்.

அடுத்த கட்டமாக, ரவுட்டர் வாங்கிய ஆன்லைன் கடையில் ‘வாங்கியவர் அனுபவம்’ என்ற பகுதியில் தம் முதல் குறிப்பாணையை வெளியிட்டார். “ஐயா, தாங்கள் அனுப்பிய மேற்படி ரவுட்டர் 14ஆம் தேதி முற்பகல் 10.20, 10.25, 10.30 மணி அளவில் மந்தமாகக் காணப்பட்டது. ஏன் ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்தக்கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும். இப்படிக்கு, கு. பெரியண்ணன், ரைட்டர் (ஓய்வு).” இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இது தங்களுக்குப் ‘பயனுள்ளதாக இருந்தது’ என்று தெரிவித்தார்கள். யாருக்கு என்ன பயன் என்று கேட்காதீர்கள். நாட்டில் அத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறோம்.

கம்பெனியின் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு’ இரண்டே நாளில் பதில் போட்டது. புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டால் வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு நெட்டை இழுத்தது என்று பட்டியலே காட்டுமாம்.

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியண்ணனின் உடம்பு சிலிர்த்தது. உடனே சத்யராஜுக்குப் போன் போட்டார்.

“ஏப்பா, ஃபர்ம்வேர்னா என்ன?”

“பெட்டிக்கு மூளை மாதிரிங்க. பழசை எடுத்துப்போட்டுப் புதுசு வெச்சுக்கலாம்.”

“அட, அப்படி ஒரு வசதி இருக்குதா! எங்க எஸ்டேட் மேனேஜருக்கு இது தெரியாமப் போச்சே!” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

இருபதாம் தேதி வாக்கில் நெட் நடக்கக்கூட மறுத்துத் தவழ ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. திங்கட்கிழமை பெரிய மீட்டிங். அதிலும் லைன் நின்றால் ஒன்றாம் தேதி சிவரஞ்சனி ஆபீஸில் இருக்க வேண்டும். அவள் பையை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். பெரியண்ணன் நோட்டைப் புரட்டினார். இவ்வளவு கண்காணித்தும் இப்படி என்றால், நடுவில் யாரோ திருடுகிறார்கள். அதுதான் விஷயம். வேறு என்ன இருக்க முடியும்?

திருடரையும் அன்றைக்கே பிடித்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம், கீழ் வீட்டுப் பொன்னாயி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்னாயி அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். பெரியண்ணனின் நோட்டில் முப்பது வருடம் ஒரு வரியாக இருந்தவள். இப்போது திருப்பூரில் இருக்கும் மகள் பானுவோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“பொன்னாயி! உனக்கு ஏது எங்க ஊட்டு பாஸ்வேர்டு?”

“கண்ணுதானுங்க குடுத்துச்சு. எங்க ஊட்டுக்குள்ள டவர் எடுக்கறதில்லீங்களே.”

“நான்தானுங்கப்பா குடுத்தேன்,” என்று சிவரஞ்சனி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் பேசுதுங்க, பாவம்.”

“பத்து நிமிசமா பகல் முச்சூடுமான்னு பட்டியல் சொல்லும்,” என்றார் பெரியண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு ஹாலில் ‘விசாரணை’ கூடியது. தலைவர், செயலர், வாதி மூன்றும் பெரியண்ணனே. எதிர்த்தரப்பில் பொன்னாயி, கையில் போனோடு, கதவோரம் நின்றாள். சத்யராஜ் ஃபர்ம்வேர் போடுவதற்கு வந்திருந்தான். முதலில் தீர்மானம் வாசிக்கப்பட்டது: “பட்டியலில் முதலிடம் பெறுபவர், அவர் எவராயினும், மேல்விசாரணை ஏதுமின்றி அக்கணமே லைனிலிருந்து நீக்கப்படுவார்.”

“அப்பா, எதுக்குங்க இதெல்லாம்? அவங்களை ஏனுங்க நிக்க வெச்சு...”

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் கண்ணு. நீயா இருந்தாலும் சரி.”

சத்யராஜ் லேப்டாப்பில் எதையோ தட்டினான். “ஏழு நிமிசம் ஆகுமுங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா பெட்டி செத்துருமுங்க.”

ஏழு நிமிடம். ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. பெரியண்ணன் இன்வெர்ட்டரின் பக்கத்தில் போய்க் காவலுக்கு நின்றார். இரண்டாவது நிமிடத்திலேயே அவருக்குப் பொறுக்கவில்லை. கை தானாகப் போனை எடுத்துப் பட்டனை அமுக்கியது. ‘இணைப்பு இல்லை’ என்றது ஆப். ‘10.14. பணியில் இல்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது.

“வந்துருச்சுங்க. பெட்டி இத்தனை நாளும் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டேதானுங்க இருந்திருக்குது. வெளிய காட்டத்தான் அதுக்கு வழியில்லை.”

“கீழ இருந்து வாசி. குற்றவாளி கடைசியா வரட்டும். சத்தமா வாசி,” என்றார் பெரியண்ணன்.

“பொன்னாயக்கா போனு, ஆறு ஜிபி. தங்கச்சி லேப்டாப்பு, முப்பத்தொண்ணு.” சத்யராஜ் நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். “அடுத்தது... நீங்களே பாத்துக்குங்களேன்.”

“வாசிப்பா! பயப்படாதே!”

“பெரியண்ணன் ரைட்டர் போனு. இருநூத்தி அறுபத்து மூணுங்க.”

பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எண் மாறவில்லை.

“நான் ஒரு படம் பாத்ததில்லை! ஒரு பாட்டுக் கேட்டதில்லை! பட்டனை அமுத்துனதைத் தவிர நான் என்ன பண்ணுனேன்?”

“அதுதானுங்க,” என்றான் சத்யராஜ் மெதுவாக. “அமுத்துனா லைன்ல இருக்கறதை முழுசா இழுத்துப் பாத்துத்தான் அது வேகம் சொல்லும். ஒரு அமுத்துக்கு நூறு எம்பி போயிரும். அந்நேரம் தங்கச்சி மீட்டிங்ல இருந்துச்சுன்னா மூஞ்சி நின்னுருமுங்க. நீங்க எத்தனை தடவை அமுத்துனீங்க?”

அதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. நீள நோட்டில், அவர் கையெழுத்திலேயே, நேரம் முதற்கொண்டு இருந்தது. சிவரஞ்சனி பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினாள். இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். எண்ணி முடித்தவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“ஏனுங்கப்பா, என்னைப் பெங்களூருக்குத் தொரத்தறதுக்கா இத்தனை பாடுபட்டீங்க?”

தீர்மானம் தீர்மானம்தான். பெரியண்ணனின் போன் அக்கணமே நீக்கப்பட்டது. சத்யராஜ் மேற்கொண்டு நூறு ஜிபி போட்டுவிட்டான். லைன் பழையபடி பறந்தது. சிவரஞ்சனி பெங்களூர்த் தோழியைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள். கால் மணி நேரம் முகம் நிற்கவே இல்லை. பேசி முடித்ததும் கட்டில் மேலிருந்த பையை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

பெரியண்ணனுக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. இந்த வயதில் ஒரு மனிதன் இத்தனை பெரிய முட்டாளாகவும் இத்தனை பெரிய பாக்கியசாலியாகவும் ஒரே காலையில் ஆக முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. கதவோரம் நின்றவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. “உக்காரு பொன்னாயி,” என்றார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக.

பொன்னாயி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“வெசனப்படாதீங்க ரைட்டரய்யா. உங்களாட்டம் பொறுப்பாப் பாக்கற ஆளு இந்த மலையிலயே கெடையாதுங்க. எஸ்டேட்ல எப்பிடிப் பாத்தீங்க! பறிச்சுக்கிட்டு இருக்கறவளை மணிக்கொருக்கா மூட்டையோட மேட்டுக்கு வரச்சொல்லி எடை போட்டுப் பாப்பீங்க. ஏறி எறங்கவே பாதிப் பொழுது போயிருமுங்க. சாயங்காலம் பழம் கொறையுது, வேலை செய்யாமக் கதை பேசுனீங்கன்னு அரைநாள் கூலிதான்னு எழுதிப்போடுவீங்க. எம் மவ பானுவுக்கு ஒரே வாரத்துல நாலு அரைநாளுங்க. அந்த ரோசத்துலதான் அவ பனியன் கம்பெனிக்குப் போனது. பதினோரு வருசமாச்சுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பெரியண்ணன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த முறை லைனில் எந்தக் கோளாறும் இல்லை.

“உங்க மவ ஊட்டோட இருக்கோணும்னு நெனச்சீங்க. நொம்ப நல்லதுங்க,” என்றாள் பொன்னாயி. “எல்லாருக்கும் அப்பிடித்தானுங்க இருக்கும்.”

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். திருப்பூரிலிருந்து பானு, தலைமுடி ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி, திரை நிறையச் சிரித்தாள்.

“ஏம்மா, இன்னைக்கு உம் மூஞ்சி இத்தனை தெளிவாத் தெரியுது! ரைட்டர் ஊர்ல இல்லியாக்கும்?”