சந்துகளுக்கு அளவெடுத்த இஞ்ச்டேப் அக்கா

தூத்துக்குடிச் சந்துகளின் இடுப்பளவு தெரிந்த ஒரே மனுஷி, நானறிந்தவரை, இஞ்ச்டேப் அக்காதான். ரவிக்கை தைக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்டால் சொல்ல மாட்டார். "அளவு கேளுங்க, சொல்லுதேன். வயசு எதுக்கு?" என்பார். எந்நேரமும் கழுத்தில் தொங்கிய டேப்பால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரை அவர் பிள்ளைகளே ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்று எங்கள் குழுவில் ஒரு பேச்சு உண்டு.

எங்கள் குழு என்பது வரைபடக் குழு. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போல ஆறேழு பேர் செல்போனும் கையுமாகக் கடற்கரைத் தெருக்களில் நடப்போம். எந்தச் சந்து எங்கே திரும்புகிறது, குடிதண்ணீர்க் குழாய் எங்கே, மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்றெல்லாம் பார்த்து வரைபடத்தில் ஏற்றுவோம். காய்ச்சலோ பேதியோ பரவினால் சுகாதார ஊழியர்களும் ஆம்புலன்சும் வழி தேடி அலையக் கூடாது என்பதற்காக. சம்பளம் கிடையாது. டீ உண்டு.

அக்காவின் சந்துக்குப் போன அன்று, அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் போனை எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோடுதான் எங்க சந்தா?"

"ஆமாக்கா."

"அகலம் எங்க போட்டிருக்கிய?"

"அகலம் போடலக்கா. வழி தெரிஞ்சாப் போதும்லா."

"வழி தெரிஞ்சு என்ன செய்ய? ஸ்ட்ரெச்சர் நுழையுமா, நுழையாதான்னு யாரு சொல்லுவா?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அக்கா டேப்பின் ஒரு முனையை என் கையில் திணித்து, எதிர்ச்சுவரில் பிடிக்கச் சொன்னார். "வாசல்ல நாப்பத்தெட்டு. நடுவுல முப்பத்தாறு. இடுப்புல பிடிக்கும். குறிச்சுக்கிடுங்க."

அதோடு அவரும் குழுவில் சேர்ந்துவிட்டார். சேரச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் டீக்கடை முன்னால் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றிருந்தது. அக்கா அதன் மூக்கிலிருந்து வால் வரை டேப் வைக்க ஆரம்பித்தார். டிரைவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"என்னம்மா செய்யுதிய?"

"வண்டிக்கு அளவெடுக்கேன்."

"எதுக்கு, சட்டை தைக்கவா?"

"ரெண்டு கண்ணாடியயும் மடக்கினா எத்தன இஞ்ச் குறையும்? மடக்கிக் காட்டுங்க."

அவர் மடக்கிக் காட்டினார். பிறகு ஸ்ட்ரெச்சரை இறக்கியும் காட்டினார். போகும்போது அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அக்கா கேட்கிற விதம் அப்படி. அதிகாரம் துளியும் இருக்காது. தெரிந்துகொள்ளாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது என்கிற தவிப்பு மட்டும் இருக்கும்.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் அந்தத் தவிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார். அவர் கடைப் படி சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்ததும், ஆக்கிரமிப்பை இடிக்க மாநகராட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். "தாயி, ஒரு வாரம் பொறுங்க" என்று கும்பிட்டார். அக்கா, "எதுக்கு?" என்று வியந்து கேட்டதையும் மிரட்டலாக எடுத்துக்கொண்டார். மறுநாள் போனால் படியே இல்லை. கொத்தனாரை வைத்து அவரே உடைத்துவிட்டார். "ஒம்பது இஞ்ச் கெடைச்சிருக்கு தம்பி" என்று அக்கா பூரித்துப்போனார். ஆனால், இவ்வளவு நல்ல மனுஷர் எதற்குப் பயந்தார் என்பது மட்டும் அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருஷக் கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. பேதி பரவியது. சுகாதார ஊழியர்கள் எங்கள் வரைபடத்தை வைத்துத்தான் வீடு வீடாக மருந்து கொடுத்தார்கள். ஒரு மத்தியானம் உப்பளத் தொழிலாளி ஒருவர் வயிற்றுப்போக்கில் சுருண்டு, கூப்பிட்டால் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டார். வந்தது அதே ஆம்புலன்ஸ் டிரைவர். அக்காவிடம்தான் போனில் வழி கேட்டார்.

"பின்பக்கச் சந்து வழியாப் போங்க. முப்பத்திரண்டு இஞ்ச். ஸ்ட்ரெச்சர் தாராளமாப் போவும்" என்றார் அக்கா.

போகவில்லை. அக்காவும் நாங்களும் ஓடிப்போய்ப் பார்த்தால், பாதி வழியில் நிரம்பிய தண்ணீர் டிரம் ஒன்று சந்தை அடைத்து நின்றது. நாங்கள் அளந்தபோது அது அங்கே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, ஆளைப் போர்வையில் ஏந்தி, டிரம்முக்கு மேலாகத் தூக்கிக் கடத்த வேண்டியதாயிற்று. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அக்கா அந்தத் தொழிலாளியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

தொழிலாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அக்கா இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை.

"டிரம்மைப் பிறகுதானக்கா வச்சிருக்காங்க. நீங்க என்ன செய்வீய?" என்றேன்.

"என் அளவை நம்பித்தான அந்த டிரைவர் தம்பி வந்தாரு? உடம்பு பெருத்தவளுக்குப் பழைய அளவுல ரவிக்கை தைப்பேனா? மறுபடி அளக்க வேண்டாமா?"

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை எல்லாச் சந்துகளையும் மறுபடி அளக்க வேண்டும் என்றாயிற்று. முனகினோம், ஆனால் போனோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தொழிலாளியைப் பார்க்க அக்காவோடு நானும் போனேன். கஞ்சி குடிக்கிறாரா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரித்த பிறகு, "அந்த டிரம் யாரு வீட்டுது?" என்று கேட்டார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "எங்களதுதான்க்கா." அக்கா ஒன்றும் திட்டவில்லை. டிரம்மை எங்கே வைத்தால் வழி விடும் என்று அளந்து பார்த்து, சுவரோரம் ஒரு மூலையைக் காட்டினார். டிரம்மை நகர்த்தியது நான்.

போன ஞாயிறு அக்கா நடக்க வரவில்லை. கல்யாணத் தையல் மலைபோல் குவிந்து கிடந்தது. என் பங்குத் தெருவை மதியத்துக்கு முன்பே அளந்து முடித்துவிட்டு, அவர் கடையில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி, ஏதும் சந்தேகமா?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா உங்ககூட இருக்கலாம்னு வந்தேன்" என்றேன். அவர் தைத்துக்கொண்டே இருந்தார். நான் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.